முதலில் தூசி, பிறகு காசு

2017, 2018-ல் அண்ணன் வாங்கிய கேமிங் லேப்டாப் இப்போது தம்பியிடம் வந்து சேர்ந்திருக்கும். ஏசர் நைட்ரோ 5, லெனோவோ லீஜியன் ஒய்520, டெல் 7567 என்று அந்தக் காலத்து மாடல்கள். ஐ5 7300ஹெச்க்யூ பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். "அண்ணா, இதை அப்கிரேட் பண்ணணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். திருப்பதியிலும் சித்தூரிலும் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். இப்போதுதான் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். நிறையப் பேர் பட்டியலின் கடைசியிலிருந்து காசைக் கொட்டத் தொடங்குகிறார்கள்.

1. எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் இலவசம். அதைப் பின்னால் ஓடவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை அரைமணி நேரம் ஆடுங்கள். பிறகு நான்கு எண்களைப் படியுங்கள். சிபியு சூடு 95 டிகிரியைத் தொட்டு, 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது இரண்டுக்குக் கீழே இறங்குகிறதா? அது சூட்டுப் பிரச்சினை. டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? எஸ்எஸ்டி வேண்டும். ரேம் 90-ஐத் தாண்டுகிறதா? ரேம் வேண்டும். மூன்றும் சரியாக இருந்து கிராபிக்ஸ் மட்டும் 99-ல் நின்றால், கடையில் வாங்கிப் போடுவதற்கு ஒன்றுமில்லை. கேம் செட்டிங்கைக் குறைப்பதுதான் வழி.

2. தூசியை முதல் நாளே கவனியுங்கள். நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். விசைத்தறி ஓடும் வீட்டு லேப்டாப்பைத் திறந்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். ஃபேன் காற்றை வெளியே தள்ளும் இடத்தில், ஹீட்சிங்க் தகடுகளுக்கு முன்னால், பஞ்சு படிந்து படிந்து கம்பளித் துண்டு போல இறுகிக் கிடக்கும். வெளியிலிருந்து பிளோயர் அடித்தால் அசையாது. ஃபேன் மூடியைக் கழற்றி, ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் முழுசாக ஒரே பட்டையாக வரும். அந்தப் பட்டையை வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். அதற்கப்புறம் "புது மாடல் வாங்கிடலாமா அண்ணா" என்ற பேச்சு பல நேரம் நின்றுவிடும்.

சித்தூர் கிரானைட் பட்டறைத் தூசி வேறு ரகம். நுண்பொடி, ஃபேனின் பேரிங்குக்குள் புகுந்து கரகரவென்று சத்தம் போடவைக்கும். சத்தம் வந்த ஃபேனுக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஃபேன் லேபிளில் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து ஆர்டர் போடுங்கள். இடது ஃபேன் வலதுக்குப் பொருந்தாது. பிளோயர் அடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும், ஃபேன் மோட்டாரே டைனமோவாகிக் கரண்டைப் போர்டுக்குள் தள்ளும்.

3. கழற்றும் விதம் பற்றி. பின்மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை வடியுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே குத்திவையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் திருகினால் மேலே கீபோர்டு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும், கத்தி கூடாது. ரிப்பன் கேபிளை இழுக்காதீர்கள். அதன் சாக்கெட்டில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், நகத்தால் மேலே தூக்கினால் கேபிள் தானே வரும்.

4. பேஸ்ட். ஐந்தாறு வருடத்தில் சிபியு, ஜிபியு மேலிருக்கும் பேஸ்ட் காய்ந்து உதிரும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் புதிது வையுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அச்சடித்திருக்கும். அந்த வரிசையில் முடுக்குங்கள், எதிர்வரிசையில் தளர்த்துங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு மெலிந்த பேஸ்ட் சில மாதங்களில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. ஹனிவெல் பிடிஎம்7950 என்ற ஷீட் சூட்டில் இளகிப் பரவும் ரகம், அது நின்று பிடிக்கும். ஒரிஜினலா என்று பார்த்து வாங்குங்கள். மெமரி சிப்கள் மேலிருக்கும் தெர்மல் பேட் கிழிந்திருந்தால் அதே தடிமனில் போடுங்கள். அரை மில்லி கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் தூக்கி நிற்கும். திறந்ததும் வெள்ளியாகப் பளபளக்கும் திரவம் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது லிக்விட் மெட்டல், ஒரு சொட்டு சிதறினாலும் போர்டு போய்விடும்.

5. மே மாதத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ரேணிகுண்டாவில் வெயில் 42 டிகிரியைத் தாண்டும் நாளில், உள்ளே போகிற காற்றே 42 டிகிரி. எந்தப் பேஸ்டும் சிப்பை அதற்குக் கீழே இறக்காது. பவர் ஆப்ஷனில் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 99 ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும், பத்துப் பதினைந்து டிகிரி இறங்குவது சாதாரணம். ஃப்ரேமை 60-ல் கட்டிவையுங்கள். ஏழு, எட்டாம் தலைமுறை இன்டெல்லில் த்ராட்டில்ஸ்டாப் கொண்டு வோல்டேஜையும் கொஞ்சம் குறைக்கலாம். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு பல கம்பெனிகள் பயாஸ் அப்டேட்டில் அந்த வசதியைப் பூட்டிவிட்டன. பூட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். அதற்காகப் பயாஸைப் பின்னுக்குத் தள்ளுவது புதியவர்கள் வேலை இல்லை.

6. இவ்வளவும் முடிந்த பிறகுதான் காசு. முதல் காசு எஸ்எஸ்டிக்கு. பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி சொச்சம் படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 550, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை. ஆனால் கேம் ஆடுகிறவனுக்கு ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் பெரிய தாவல். அதற்கு மேல் வேகம் எண்ணில் தெரியும், கண்ணில் அவ்வளவாகத் தெரியாது. எம்.2 ஸ்லாட் சாட்டா மட்டும் எடுக்குமா, என்விஎம்இ எடுக்குமா என்பதை மாடல் மேனுவலில் பார்த்த பிறகு ஆர்டர் போடுங்கள். பொருந்திவிட்டது என்பதால் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாற்றினால் புதுச் சாவி வாங்க வேண்டாம். 11-ஆம் தலைமுறை இன்டெல் முதல், விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால், எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். இன்டெல் விஎம்டி டிரைவரை பென்டிரைவில் போட்டு ஏற்றினால் தெரியும்.

7. ரேம் இரண்டாவது. 8 ஜிபி ஒற்றைக் குச்சியோடு அதே அளவு இன்னொன்று சேர்த்தால் 16 ஆவதோடு டூயல் சேனலும் கிடைக்கும், ஃப்ரேம் திடீரென விழுவது குறையும். டிடிஆர்4-ல் 3200 வாங்கினாலும் ஏழாம் தலைமுறையில் 2400-ல்தான் ஓடும், கெடுதல் இல்லை. சாய்த்துச் செருகி, தங்கப் பற்கள் மறைந்ததும் அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் சொடுக்க வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. மைக்ரான் தன் குரூசியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எட்டு வருட மெஷினுக்குப் புது ரேம் வாங்குவதைவிட, உடைந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த நல்ல செகண்ட் ஹேண்ட் குச்சிதான் புத்திசாலித்தனம். இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள்.

8. கிராபிக்ஸ் கார்டு மாறாது. போர்டில் பற்றவைத்தது. "ஹாட் ஏர் அடித்துச் சரிசெய்கிறேன்" என்பவரிடம் செத்த ஜிபியுவைக் கொடுத்தால் சில வாரம் ஓடும், காசு திரும்ப வராது.

9. அடாப்டரைச் சந்தேகியுங்கள். முனை பொருந்துகிறது என்று 180 வாட்ஸ் கேட்கும் மெஷினுக்கு 90 வாட்ஸைச் செருகி, "ரொம்ப ஸ்லோ" என்று கொண்டுவருவார்கள். டெல்லில் நடு ஊசி வளைந்து அடாப்டரை மெஷின் அடையாளம் காணாவிட்டால் பேட்டரி ஏறாது, பிராசஸர் வேண்டுமென்றே நொண்டும். பயாஸில் போனால் அடாப்டர் எத்தனை வாட்ஸ் என்று தெரிகிறதா, இல்லையா என்று பாருங்கள். மூடியைத் தொட்டால் விர்ரென்று கை கூசினால் எர்த் இல்லை என்று அர்த்தம். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் அந்தச் சின்ன வெள்ளைச் சாதனத்தைத் தூக்கி எறியுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

10. டச்பேட் தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது. அன்றே மெஷினை நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அழுத்தி உட்காரவைக்காதீர்கள், பின்மூடியை ஸ்க்ரூவால் இறுக்கி மறைக்காதீர்கள். திருப்பதியில் 2022-லேயே முனோத் கம்பெனியின் லித்தியம் செல் ஆலை வந்துவிட்டது என்று நம் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். கவுன்டரில் கிடைக்கும் லேப்டாப் பேட்டரி எங்கிருந்து வந்தாலும், அதில் தேதியும் வாட்-அவரும் அச்சடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடுத்த பழைய பேட்டரி முனிசிபாலிட்டிக் குப்பைக்குப் போகக் கூடாது. 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

11. எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் வாடிக்கையாளரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். 7300ஹெச்க்யூவுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரைக்கும் என்றே அறிவித்தார்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதுக் கேம் டிரைவரும் 2025 அக்டோபரோடு நின்றது, 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். குறுக்குவழியில் 11 ஏற்றினாலும் டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் ஆனில் இல்லாமல் வாலரண்ட் திறக்காது. ஆகவே இந்த வயது மெஷினுக்குச் சுத்தம், பேஸ்ட், சின்ன எஸ்எஸ்டி, மிஞ்சினால் ஒரு செகண்ட் ஹேண்ட் ரேம், அதோடு சரி. 2019-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060, ஒன்பதாம் தலைமுறை பிராசஸர் என்றால் 16 ஜிபி வரை தயங்காமல் போடலாம்.

12. சாமான் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள், காலையில் திருப்பதியிலிருந்து கருடாத்ரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் மாலை அதே பெயர் வண்டியில் திரும்பிவிடலாம். ஞாயிறு வேண்டாம், பெரும்பாலான கடைகள் இருக்காது. பழைய ரேமையும் எஸ்எஸ்டி ஸ்லாட்டின் போட்டோவையும் கையோடு கொண்டுபோங்கள், மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் பக்கத்து மாடலுக்கானது வந்துவிடும். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணைக் கவுன்டரில் நின்றபடியே கம்பெனி இணையதளத்தில் அடித்துப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை நான்கு அடியில் இருக்கிறது.