ஸ்டென்ட் வைத்து வலி போனபின் ரோபோ ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: என் மனைவிக்கு வயது 46. கர்ப்பப்பையை எடுத்த பிறகு இடது விலாவில் வலி வந்தது. சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதி சுருங்கி, சிறுநீரகம் வீங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. ஸ்டென்ட் வைத்ததும் வலி போய்விட்டது. இப்போது திருவனந்தபுரத்தில் ரோபோ ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். மெஷினை நம்பலாமா? ஸ்டென்ட்டோடு இப்படியே விட்டுவிடலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வலிதான் போயிருக்கிறது, சுருக்கம் அங்கேயே இருக்கிறது. சிறுநீர்க்குழாயில் வைத்திருக்கும் டிஜே ஸ்டென்ட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மறந்தால் அதன்மேலேயே கல் படிந்து அடைக்கும். அடைப்பு நீடித்தால் வலியே இல்லாமலும் சிறுநீரகம் செயலிழந்துவிடும். எனக்கு அதுதான் கவலை.

மெஷின் தானாக ஒரு தையல்கூடப் போடாது. கன்சோலில் உட்கார்ந்து இயக்குவது சர்ஜன்தான். சிறுநீர்க்குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ., அகலமோ 3, 4 மி.மீ.தான். அதன்மேல் படர்ந்திருக்கும் நுண்ணிய ரத்தநாளங்கள் அறுபட்டால், தைத்த இடமே மறுபடி சுருங்கும். கர்ப்பப்பை எடுத்த வயிற்றில் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அங்கே பெரிதாகத் தெரியும் முப்பரிமாணப் படமும், மணிக்கட்டுபோல் திரும்பும் கருவியும் கைகொடுக்கும். ஐ.சி.ஜி. என்ற சாயத்தை ரத்தநாளத்தில் செலுத்தினால், ரத்தம் ஓடும் பகுதி தனி கேமராவில் பச்சையாக ஒளிரும். ஒளிராத பகுதியை வெட்டிவிடலாம்.

கீழ்ப்பகுதிச் சுருக்கம் என்றால், பெரும்பாலும் அதற்கு மேலே குழாயை வெட்டி, சிறுநீர்ப்பையில் புதிதாக இணைப்பார்கள். நீளம் போதாவிட்டால் பையை மேலே இழுத்து இடுப்புத் தசையோடு தைப்பார்கள். அதுவும் போதாதபோது பையின் சுவரிலேயே ஒரு பட்டையை எடுத்துச் சுருட்டிக் குழாயாக்குவார்கள்.

இதையெல்லாம் வயிற்றைத் திறந்தும் பல காலமாக நன்றாகவே செய்துவருகிறார்கள். ரோபோவில் தழும்பு சிறிது, வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யிலும் 2024இல் ரோபோ வந்தது, ஆனால் அது புற்றுநோய் மருத்துவமனை.

சர்ஜனிடம் ரோபோ கணக்கைக் கேட்காதீர்கள். சிறுநீர்க்குழாய்ச் சீரமைப்பு எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். இடது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை டி.டி.பி.ஏ. ஸ்கேனில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய ஆபரேஷன் குறிப்பும், ஸ்டென்ட் வைத்த தேதியுள்ள டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும். இடையில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.