தொலைக்காட்சித் தொகுப்பை மாற்றும்போது பழைய சேனல்களைக் காத்துக்கொள்ளும் வகை

ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் மாமூல் பாத்தியம் என்னும் சொல்லை அறியாத குடியானவர் இரார். பழைய ஆயக்கட்டு நிலத்துக்கு நெடுங்காலமாகப் பாய்ந்து வந்த நீர், புதிய மதகு வைத்தாலும் வாய்க்காலைத் திருத்திக் கட்டினாலும், அந்நிலத்துக்குத் தொடர்ந்து கிடைத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். நிலம் கைமாறினாலும் பாத்தியம் நிலத்தோடு செல்லும். வீட்டின் மீது டிஷ் பொருத்தித் தொலைக்காட்சி காண்போர் பலரும் தங்களுக்கு இத்தகைய பாத்தியம் ஒன்று உண்டென எண்ணியிருக்கின்றனர். "பத்து வருடமாக இந்தச் சேனல் எங்கள் வீட்டில் வருகிறது. பேக்கை மாற்றினால் மட்டும் வராமல் போய்விடுமா?" என்று கேட்கின்றனர். போய்விடும் என்பதே விடை. தொலைக்காட்சித் தொகுப்பில் பாத்தியம் வீட்டுக்கும் இல்லை, பெட்டிக்கும் இல்லை. நாம் ஒப்புக்கொண்ட தொகுப்பு நடப்பில் உள்ளவரையில்தான் அது உண்டு. வேறு தொகுப்புக்கு மாறிய அக்கணமே பழையது முடிவுறுகிறது.

இது ஒரு கிராம வளர்ச்சி ஏட்டில் எழுதத்தக்க பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். கம்மாபுரம் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் ஒரு சிறு குடும்பத்துக்கு மாதம் 80 ரூபாய் வீண் செலவு என்பது ஆண்டுக்கு 960 ரூபாய். பணத்தைவிடப் பெரியதும் ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்ததை நாம் மறந்துவிடவில்லை. இம்மாவட்டத்தில் தமிழ்ச் செய்திச் சேனல் என்பது வெறும் பொழுதுபோக்கன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது வீட்டில் வராதிருப்பதன் நட்டம் பெரிது. (பெருமழை கொட்டும் வேளையில் டிஷ்ஷில் படம் நின்றுவிடும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆகவே, மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியை எவரும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாகாது.)

சேனல்கள் எங்ஙனம் வருகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். செயற்கைக்கோளிலிருந்து எல்லாச் சேனல்களும் எல்லா டிஷ்களிலும் வந்து விழுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பூட்டப்பட்ட நிலையில் வருகின்றன. நமது செட்டாப் பெட்டிக்கும் அதற்குரிய அட்டைக்கும் தனி எண் உண்டு. இன்ன எண்ணுடைய பெட்டிக்கு இன்னின்ன சேனல்களைத் திறந்துவிடுக என்னும் கட்டளை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து அனுப்பப்படுகிறது. தொகுப்பை மாற்றுதல் என்றால், நமது எண்ணுக்கு எதிரே எழுதியிருந்த பழைய பட்டியலை அழித்துப் புதிய பட்டியலை எழுதுதல் என்பதே பொருள். பழையதன்மேல் புதியது சேர்க்கப்படுவதில்லை. விற்பனையாளர் கைபேசியில் இரண்டு முறை தட்டினால் வேலை முடிந்துவிடுகிறது. திரும்பப் பெறுவதுதான் கடினம். ஏனெனில், நிறுவனங்கள் சில பழைய தொகுப்புகளைப் புதியவர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டு, முன்னரே வைத்திருப்போருக்கு மட்டும் தொடர்ந்து அளிப்பதுண்டு. அத்தகைய தொகுப்பை விட்டு ஒருமுறை வெளியேறியவர், மீண்டும் அதனுள் புகப் பெரும்பாலும் இயலாது.

அண்மையில் வீட்டு வசதித் திட்ட விண்ணப்பம் தொடர்பாக எமது அலுவலகத்துக்கு வந்த விவசாயி ஒருவர், பேச்சுவாக்கில் தமக்கு நேர்ந்ததைக் கூறினார். பேரன் கிரிக்கெட் ஆட்டம் காண விரும்பினான். கடையில் கேட்டபோது, அச்சேனல் உள்ள பெரிய தொகுப்புக்கு மாற்றிக் கொடுத்தனர். கிரிக்கெட் வந்தது. ஆனால், அவருடைய தாயார் விடியற்காலையில் காணும் பக்திச் சேனலும், ஒரு செய்திச் சேனலும் மறைந்துவிட்டன. பழையபடி மாற்றித் தருமாறு கேட்டதற்கு, அந்தத் தொகுப்பு இப்போது விற்பனையில் இல்லை என்று விடை வந்தது. கண்பார்வை மங்கி, நடமாட்டம் குறைந்து, அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மூதாட்டிக்கு இஃது எத்தகைய குறை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிரிக்கெட் சேனலைத் தனியாகச் சேர்த்திருந்தால் இக்குறை நேர்ந்திராது.

தனியாகச் சேர்க்கலாம் என்பது எவரும் நமக்கு இரங்கி அளிக்கும் சலுகையன்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2017-ஆம் ஆண்டு பிறப்பித்த கட்டண ஆணையில், தன் மேடையிலுள்ள ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகவும் நுகர்வோருக்கு அளிப்பது நிறுவனத்தின் கடமை என்று விதித்தது. ஒவ்வொரு சேனலுக்கும் அதிகபட்ச விலை அறிவிக்கப்பட்டு, திரையில் தோன்றும் நிகழ்ச்சிப் பட்டியலில் காட்டப்படுதலும் வேண்டும். கட்டணமற்ற சேனல்களும் உள. அவற்றுக்குத் தனி விலை கிடையாது.

மேற்கூறிய ஆணை நடைமுறைக்கு வந்த வரலாறு நமது பொருளுக்கு மிகவும் நெருங்கியது. 2018 டிசம்பர் 29 அன்று தொடங்க வேண்டிய புதிய முறை, 2019 பிப்ரவரி 1-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. நாடெங்கிலும் கோடிக்கணக்கான வீடுகளில் பழைய தொகுப்புகள் ஒரே வேளையில் மாற வேண்டியிருந்தன. அப்போது ஓராண்டுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்களின் கேள்வி, "எங்கள் பழைய தொகுப்பு என்னாகும்?" என்பதே. டிராய் அளித்த விளக்கம் தெளிவானது. நீண்டகாலத் தொகுப்புக்குப் பணம் கட்டியவர்கள் அக்காலம் முடியும்வரை அதனையே தொடர்ந்து பெறலாம். அவர்களாக விரும்பினால் இடையிலேயே புதிய முறைக்கு மாறலாம். அங்ஙனம் மாறினால் எஞ்சிய காலத்துக்குரிய பணம் அவர்களுடைய கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். ஆக, பழைய பாத்தியம் கட்டிய பணத்தின் காலம் வரையில் காக்கப்பட்டது. அதற்கு அப்பால் என்றென்றைக்கும் அது காக்கப்படவில்லை.

எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்துவிட்டவர்களின் நிலையும் அறியத்தக்கது. பிப்ரவரி 12 அன்று டிராய் வெளியிட்ட அறிவிப்பின்படி, அத்தகையோரை அவரவர் மொழிக்கும் பார்க்கும் வழக்கத்துக்கும் ஏற்ற ஒரு தொகுப்பில் நிறுவனமே சேர்க்கலாம். அதன் கட்டணம் பொதுவாகப் பழைய கட்டணத்துக்கு மேற்படலாகாது. விருப்பம் தெரிவிக்க மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது. இந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்தது என்பதே எமது கருத்து. எனினும், ஒரு குடும்பத்துக்கு எந்தச் சேனல் இன்றியமையாதது என்பதை, தொலைவில் அமர்ந்திருக்கும் கணிப்பொறி எங்ஙனம் அறியும்? வாய் திறந்து கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்தது. கேளாதவர்களுக்குப் பிறர் தேர்ந்தது கிடைத்தது.

அதன்பின் விதிகள் மேலும் மாறியுள்ளன. 2019-இல் முதல் 100 சேனல்களுக்கு இணைப்புக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேற்படலாகாது என்றிருந்தது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2020 ஜனவரியில் வந்த திருத்தம், அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என உயர்த்தியது. கட்டாயமென அரசு அறிவித்த தூர்தர்ஷன் சேனல்கள் இந்த எண்ணிக்கையில் சேரா என்றும் கூறியது. ஆகவே, 2024 ஜனவரி வரையில் பொதிகை என வழங்கிய டி.டி. தமிழுக்காக எவரும் பெரிய தொகுப்பு வாங்க வேண்டுவதில்லை. 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. அக்கட்டணத்தை நிறுவனங்களே வரையறுத்து, வெளிப்படையாக அறிவிக்கலாம் என்றாயிற்று. எனவே, அண்டை வீட்டார் கட்டும் தொகையைக் கொண்டு நமது தொகையை மதிப்பிடுதல் இனிப் பொருந்தாது. நமது நிறுவனத்தின் பட்டியலை நாமே பார்த்தல் வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது யாது? மாற்றுவதற்கு முன்தினம், வீட்டிலுள்ள யாவரையும் கேட்டு, எவரெவர் எந்தெந்தச் சேனலைப் பார்க்கின்றனர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்க. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இப்பணியை மகிழ்ச்சியோடு செய்வர். பெரும்பாலான வீடுகளில் இப்பட்டியல் பதினைந்து சேனல்களைத் தாண்டாது. முந்நூறு சேனலுக்குப் பணம் கட்டுகிறோம் என்பது அப்போதுதான் விளங்கும். பின்னர் ரீசார்ஜ் செய்யும் கடைக்கோ நிறுவனத்தின் உதவி எண்ணுக்கோ சென்று, ஒரு கேள்வியைத் திருத்தமாகக் கேட்க வேண்டும்: "நான் இந்த ஒரு சேனலை மட்டும் சேர்த்தால், இப்போதுள்ள அடிப்படைத் தொகுப்பு அப்படியே இருக்குமா?" ஆம் என்றால் சேர்த்துக்கொள்ளலாம். இல்லை என்றாலோ, தயங்கினாலோ, புதிய தொகுப்பின் முழுச் சேனல் பட்டியலை வாங்கி, வீட்டில் எழுதிய தாளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். "எல்லாத் தமிழ்ச் சேனலும் உண்டு" என்னும் வாய்ச்சொல்லை நம்பலாகாது. தமிழ்ச் சேனல்களிலேயே கட்டணமுள்ளவை, கட்டணமற்றவை, எச்.டி. எனப் பல வகை உள. 2017-ஆம் ஆண்டு ஆணையில், எச்.டி. சேனல் ஒன்று, எண்ணிக்கையில் சாதாரணச் சேனல் இரண்டுக்குச் சமமாகக் கொள்ளப்பட்டது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பழைய தொகுப்பு வரி உட்பட மாதம் 220 ரூபாய், கிரிக்கெட் சேனல் உள்ள பெரிய தொகுப்பு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அச்சேனலின் தனி விலை 19 ரூபாய் எனில், வரியுடன் 22 ரூபாய் 42 காசு. ஆட்டத் தொடர் இரண்டு மாதம் நடந்தால், செலவு 44 ரூபாய் 84 காசு. தொடர் முடிந்ததும் அதனை நீக்கிவிடலாம். பெரிய தொகுப்புக்கு மாறி, மறந்துபோய் ஆண்டு முழுதும் கட்டினால் கூடுதல் செலவு, முன்னர்க் குறிப்பிட்ட அந்த 960 ரூபாய். உரம் வாங்கும்போது மூட்டைக்குப் பத்து ரூபாய்க்கு வாதாடும் நாம், இதில் மட்டும் கேளாமல் கட்டிவிடுகிறோம்.

தொகுப்பு மாறாமலே பாத்தியம் கைநழுவும் வழிகளும் உண்டு. அறுவடைக்கு முந்திய மாதங்களில் கையில் பணமின்றிப் பலர் ரீசார்ஜ் செய்யாது விட்டுவிடுகின்றனர். இடைவெளி நீளுமாயின், இணைப்பை மீண்டும் தொடங்கும்போது பழைய தொகுப்பு கிடைக்காமற் போகலாம். இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு கேட்க நுகர்வோருக்கு 2017-ஆம் ஆண்டு விதிகளிலேயே வழியுண்டு. அதனைக் கேட்டு, மீளத் தொடங்குகையில் பழைய தொகுப்பு இருக்குமா என்பதையும் உறுதி செய்துகொள்ளலாம். சாதாரணப் பெட்டியைக் கொடுத்துவிட்டு எச்.டி. பெட்டி வாங்குவோரும் முன்கூட்டியே இதைக் கேட்டல் வேண்டும். இன்னும் ஒன்று: பல வீடுகளில் இணைப்பு காலஞ்சென்ற தந்தையார் பெயரிலும், அவருடைய கைபேசி எண்ணிலும் இருக்கிறது. அந்த எண் இன்று வேறு எவரிடமோ இருக்கலாம். மாற்றம் குறித்த குறுஞ்செய்தியும், அதனை உறுதி செய்யும் இரகசிய எண்ணும் அங்கேதான் செல்லும். வீட்டு வரியின் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இதனையும் நினைவிற்கொண்டு, தொகுப்பைத் தொடாமல் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றித் தருமாறு கேட்க வேண்டும்.

கேபிள் இணைப்புள்ளோர்க்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். 2007-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. 2017 முதல் செட்டாப் பெட்டிகளும் வழங்கப்பட்டன. பெட்டி வந்தபின், கேபிளிலும் சேனல்கள் தொகுப்பு முறையிலேயே அமைந்தன. கேபிள்காரர் ஊரறிந்தவர் என்பதால் பேசித் தீர்த்துக்கொள்ளுதல் எளிது. அதுவே, இரசீது வாங்காமல் விட்டுவிடுவதற்கும் காரணமாகிவிடுகிறது.

கேட்காமலே தொகுப்பை மாற்றிவிட்டாலோ, எஞ்சிய பணத்தை வரவு வைக்காவிட்டாலோ, முதலில் நிறுவனத்தின் உதவி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்குத் தீராவிடில், நிறுவனம் நியமித்துள்ள குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். டிராய் தனிப்பட்டோர் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அமைப்பன்று என்பதை அறிந்துகொள்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பயனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது. எங்கு சென்றாலும் முதற்கண் கேட்கப்படுவன, பணம் கட்டியதற்கான இரசீதும் மாற்றத்துக்கு முந்திய சேனல் பட்டியலும் ஆகும்.

ஊராட்சி நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ தொலைக்காட்சிப் பெட்டி வைத்துள்ள ஊர்களில், அதன் இணைப்பு பெரும்பாலும் யாரேனும் ஒருவருடைய சொந்தக் கைபேசி எண்ணில் பதிவாகியிருக்கும். பொறுப்பில் உள்ளவர் மாறும்போது, பெட்டியின் அட்டை எண், தொகுப்பின் பெயர், பணம் கட்டிய கடைசித் தேதி ஆகிய மூன்றையும் பொருள் இருப்புப் பதிவேட்டில் எழுதி ஒப்படைத்தல் வேண்டும். மாதந்தோறும் பணம் கட்ட இயலாத ஊராட்சிகள், மாதக் கட்டணம் ஏதுமற்ற தூர்தர்ஷனின் டி.டி. ஃபிரீ டிஷ்ஷை வைத்துக்கொள்ளலாம். தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு என்பதை ஊராரிடம் முன்னரே சொல்லிவிடுதல் நலம்.