கொடுமுடி தந்த குரலரசி

முன்னுரை
பேசும் படம் தோன்றிய காலத்தில் பின்னணிப் பாடகர் என்று தனியே எவரும் இல்லை. நடிப்பவரே பாடவும் வேண்டும். ஹாலிவுட்டில் ஜீனெட் மக்டொனால்ட் அவ்வாறு புகழ் பெற்றார். தமிழகத்தில் தம் குரலால் உயர்ந்தவர்களுள் தலையாயவர் திருமதி கே. பி. சுந்தராம்பாள். அவருடைய முருகன் பாடல்களைக் கேளாதவர் நம் பழனி வட்டாரத்தில் அரியர்.

இளமை
காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுமியாக ரயிலில் பாடிக் காசு பெற்றார் என்பர். பின்னர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்நாளில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசியில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். இப்பயிற்சியே அவர் குரலுக்கு வலிமை தந்தது.

துயரும் உறுதியும்
நாடக உலகின் புகழ்பெற்ற பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவை 1927இல் மணந்தார். இருவரும் மேடைகளில் பாடி விடுதலை உணர்வையும் வளர்த்தனர். 1933இல் கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தினார். எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

திரையுலகில்
இப்படிப்பட்டவருக்குப் படவாய்ப்பு ஏது என்று நாம் எண்ணலாம். ஆனால் 1935இல் வெளியான ‘நந்தனா’ரில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! பின்னர் ‘மணிமேகலை’ (1940), ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகார்’ (1964), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்களில் நடித்தார். பக்தர், துறவி, தமிழ் மூதாட்டி என்பனவே அவர் ஏற்ற வேடங்கள். சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. மக்களும் அவரைக் கைவிடவில்லை.

பெருமைகள்
சட்ட மேலவை உறுப்பினரானார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் இவ்வுலகை விட்டு மறைந்தார்.

முடிவுரை
தோழியரே! கணவனை இழந்த பெண் மூலையில் முடங்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. அவரோ தம் கொள்கையை விடாமலே மேடையேறினார். “இப்படித்தான் நடிப்பேன்” என்று சொல்லும் துணிவை அவருக்கு அளித்தது பல்லாண்டு உழைத்துப் பெற்ற திறமையே. நாமும் ஒரு கலையையோ கல்வியையோ முழுமையாகக் கற்றுத் தேர்வோம். நம் சொல்லுக்கு அதுவே மதிப்பைத் தேடித் தரும்.