வேம்பலையில் பயந்துபோன வாசகருக்கு

அன்புள்ள பாலவனத்தம் வாசகருக்கு,

எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’ நாவலைப் பாதியில் மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சின்னப் பையன் கதை என்று எடுத்தால் ராத்திரித் தூக்கம் போய்விட்டதாம். பன்னிரண்டு வயது மகனிடம் கொடுக்கலாமா என்றும் கேட்கிறீர்கள்.

செத்துப்போன குருவன் சிங்கிக் கிழவனோடு ஆடுபுலி ஆட வரும் இடம் உங்களை உலுக்கியிருக்கிறது. எனக்கு அது பழகிய சங்கதியாகத்தான் இருந்தது. உச்சிவெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று சொல்லித்தானே நம் பக்கம் பிள்ளை வளர்க்கிறார்கள்? நாம் பொங்கல் வைக்கும் துடியான சாமிகளில் எத்தனையோ பேர் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள்.

என்னைக் கலங்கடித்தவர் அந்தச் சின்னப் பையன் நாகுவின் அப்பா. வீட்டைவிட்டுப் போவார், எப்போதோ வருவார். அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? எறும்புகள் ஊரைவிட்டுப் போவதை நாகு பார்ப்பதில்தான் நாவலே தொடங்குகிறது. மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்த வருஷங்களைப் பார்த்தவர்களுக்கு அதில் மாயம் ஏதுமில்லை. எறும்புக்கு முந்தியே சனங்கள் பிழைப்புத் தேடிப் போயிருப்பார்கள். ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதையில் ஆலிஸ் முயல் வளைக்குள் விழுந்தாலும் கடைசியில் கண்விழித்துவிடுகிறாள். நாகுவுக்கு விழித்துப் போய்ச் சேர வேறு ஊர் கிடையாது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நாகுவின் ஊரான வேம்பலையும், களவுக் குலமாக அங்கே வாழும் வேம்பர்களும் கற்பனைதான். ஆனால் அப்படிப்பட்ட குலங்கள் பட்ட பாடு கற்பனையல்ல. உங்கள் ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் கண்டாரே, அதற்குப் பத்தே ஆண்டில், 1911இல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குலத்தில் பிறந்ததற்காகக் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியானால் போலீஸிடம் போய் ஆஜராக வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947இல். அப்பாவைத் தினமும் பொழுதுசாய அனுப்பிவைத்த பிள்ளைகள் கண்டதைவிடவா குருவன் வருவது விபரீதம்?

குறையும் உண்டு. நாகு போனபிறகு நாவல் கொஞ்சம் தளர்கிறது, ஆட்கள் பெருகிவிடுகிறார்கள். அங்கே நானும் பக்கங்களை வேகமாகத்தான் புரட்டினேன். ஆனால் முதல் பகுதியான கோடைகாலம் போலக் கரிசல் வெயிலைச் சிறுவன் கண்ணால் எழுதியவர்கள் குறைவு. ஆசிரியரும் உங்களுக்கு அந்நியர் அல்ல, உங்கள் பக்கத்து மல்லாங்கிணறுக்காரர்.

மகனுக்கு இப்போது வேண்டாம். வன்முறையும் காமமும் நிறைந்த, பெரியவர்களுக்கான புத்தகம் இது. அவனுக்கு இதே ஆசிரியர் சிறுவர்களுக்காக எழுதிய ‘ஏழுதலை நகரம்’ வாங்கிக்கொடுங்கள். நீங்கள் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், பகலில் வாசித்தாலும் சரி. முடித்ததும் எழுதுங்கள்.