நூலகப் பட்டியலில் நாம் கற்ற பாடம்



"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று எங்கள் கடை பில்லில் பல ஆண்டுகளாக அச்சிட்டு வந்தோம். வீட்டுக்கு வாங்கிய பருப்பில் புழு இருந்ததென்று திருப்பிக் கொண்டுவந்த ஒருவர், "இப்படிப் போட சட்டத்தில் இடமுண்டா?" என்று கேட்டார். பதில் தெரியாமல் மாவட்ட மைய நூலகம் சென்றோம்.

நூலின் பெயர் தெரியாவிட்டால், பட்டியலில் பொருள் தலைப்பில் "நுகர்வோர் பாதுகாப்பு" என்று தேட வேண்டும். டூயி தசம முறையில் சட்ட நூல்களுக்கு 340 வரிசை எண். பதிப்பாண்டையும் கவனிப்பது அவசியம். நாங்கள் முதலில் எடுத்தது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்க நூல். அது நீக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே அதற்குப் பிந்தைய பதிப்பைக் கேட்டு வாங்கினோம்.

அதில் 2(47) பிரிவு நம் கண்ணைத் திறந்தது. பில் தராதிருப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு இல்லாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே.

அன்றே அந்தப் பருப்புக்குப் பணம் கொடுத்தோம். பழைய பில் புத்தகங்களை ஒதுக்கினோம். நூலகத்தில் செலவானது அரை நாள். காப்பாற்றியது கடையின் நாணயம். உங்கள் பில்லையும் இன்றே ஒருமுறை படித்துப் பாருங்கள்.