லார்ஸின் ஊர்

‘லார்ஸ் அண்ட் த ரியல் கேர்ள்’ 2007-இல் வெளிவந்த அமெரிக்கப் படம். இதை வகுப்பில் திரையிடலாம் என்று நான் சொல்லவில்லை. இது பெரியவர்களுக்கான கதை. ஆனால் ஆசிரியர்கள் நாம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இயக்கியவர் கிரேக் கில்லெஸ்பி. திரைக்கதை எழுதிய நான்சி ஆலிவர் இதற்காக ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

குளிர் வாட்டும் ஒரு சிற்றூர். லார்ஸ் (ரயன் காஸ்லிங்) ஒழுங்காக அலுவலகம் போகிறான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறான். யாரோடும் ஒட்டுவதில்லை. அண்ணன் கஸும் கர்ப்பிணியான அண்ணி கரினும் வீட்டில் இருக்க, இவன் மட்டும் பக்கத்திலுள்ள கார் கொட்டகையில் தங்கியிருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்வான். இவனைப் பெற்றபோதே தாய் இறந்துவிட்டாள். அந்தத் துக்கத்தில் முடங்கிப்போன அப்பாவிடம் தம்பியை விட்டுவிட்டு அண்ணன் சீக்கிரமே வெளியேறிவிட்டான். பிறர் கை பட்டால் லார்ஸுக்கு உடம்பு எரிகிறது.

ஒருநாள் அவனாகவே கதவைத் தட்டி, ‘எனக்கொரு விருந்தாளி வந்திருக்கிறாள், பெயர் பியாங்கா, சக்கர நாற்காலியில் வருபவள், இங்கே தங்கவைக்கலாமா?’ என்று கேட்கிறான். அண்ணிக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. அவன் அழைத்து வருவதோ இணையத்தில் வாங்கிய ஓர் ஆளுயரப் பொம்மை!

தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கஸ் பதறுகிறான். குடும்ப மருத்துவர் டேக்மர் (பட்ரீசியா கிளார்க்சன்) உளவியலும் படித்தவர். பொம்மையைப் பிடுங்கச் சொல்லவில்லை. அவனோடு சேர்ந்து நீங்களும் பியாங்காவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்குமே என்கிறான் கஸ். உன்னைப் பார்த்தும்தான் சிரிப்பார்கள் என்கிறார் மருத்துவர், ஒளிவுமறைவில்லாமல்.

தேவாலயத்துப் பெரியவர்கள் கூடிப் பேசும் காட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு மூதாட்டி எழுந்து, அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வீட்டுக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடுகிறார். ஒருவருடைய சொந்தக்காரர் பூனைகளுக்குக் கவுன் போட்டுவிடுகிறார். இன்னொருவருடைய உறவினர் பறக்கும் தட்டுச் சங்கத்துக்குப் பணத்தைக் கொட்டிக் கொடுத்திருக்கிறார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பியாங்காவுக்கு முடி திருத்துகிறார்கள், துணிக்கடையில் வேலை தருகிறார்கள், மருத்துவமனைக்குத் தொண்டு செய்ய அழைத்துப் போகிறார்கள். பள்ளி வாரியத்துக்குக்கூட அவள் உறுப்பினராகிவிடுகிறாள். (நம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் சில நினைவுக்கு வர, இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.)

இதைச் செல்லம் கொடுப்பது என்று நினைத்துவிட வேண்டாம். என்னை யாரும் கண்டுகொள்வதில்லை என்று லார்ஸ் ஒருநாள் முறுக்கிக்கொள்ளும்போது கரின் வெடித்துவிடுகிறாள். அந்த நாற்காலியைத் தள்ளுவது யார், அவளைக் குளிப்பாட்டி உடுத்துவது யார், இதெல்லாம் உனக்காகத்தானே என்று உலுக்குகிறாள். எமிலி மார்ட்டிமர் இதில் பிரமாதமாக நடித்திருக்கிறார். பொம்மையை நிஜமென்று ஏற்றுக்கொண்ட அதே அண்ணி, அவனுடைய நன்றிகெட்டதனத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த வேறுபாடு நம் தொழிலுக்கு மிகவும் வேண்டியது.

டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட. குழந்தைகள் விடாமல் பற்றிக்கொள்ளும் போர்வை, துணிப்பொம்மை போன்றவற்றைப் பற்றி 1950-களிலேயே எழுதினார். தாயின் மடிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே அவை பாலமாக இருக்கின்றன என்றார். இது நிஜமா, நீயே கற்பித்துக்கொண்டதா என்று அந்தக் குழந்தையிடம் நாம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. தேவை தீர்ந்ததும் அந்தப் பொருள் தானாக முக்கியத்துவம் இழந்துவிடும் என்பது அவர் கருத்து. லார்ஸிடமும் தாய் பின்னிய ஒரு போர்வை இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். பியாங்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கடைசியில் சொல்பவனும் அவன்தான். யாரும் அவனிடமிருந்து அவளைப் பறிக்கவில்லை. சக ஊழியை மார்கோவின் கையைக் கையுறை இல்லாமல் குலுக்கும் அளவுக்கு அவன் அதற்குள் தேறியிருக்கிறான்.

இதை எழுதத் தூண்டியது என் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இறந்துபோன தாத்தாவின் பொத்தான் அலைபேசியைப் பையில் வைத்திருப்பான். சிம் கிடையாது, சார்ஜும் கிடையாது. மதிய இடைவேளையில் தூணுக்குப் பின்னால் நின்று அதில் பேசுவான். பள்ளிக்கு அலைபேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. தலைமையாசிரியரிடம் பேசினேன், அது பேசாத போன்தானே, இருக்கட்டும் டீச்சர் என்றார். பாட்டியை அழைத்து விவரம் கேட்டோம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தோம். நாம் டேக்மர் ஆகிவிட முடியாது. அவசரத்துக்கு 14416 (டெலி மானஸ்), 1098 ஆகிய இலவச எண்களும் இருக்கின்றன.

மற்ற பிள்ளைகளின் கேலியை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. போன வாரம் பக்கத்து பெஞ்சு மாணவி, கேலி இல்லாமல், “தாத்தா என்னடா சொன்னாரு?” என்று கேட்டாள். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, “சாப்டியான்னு கேட்டாரு” என்றான். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அலைபேசி இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது.

படம் 106 நிமிடம். குறுவள மையக் கூட்டத்தில் முழுவதையும் பார்க்க நேரம் இருக்காது. வீட்டில் பார்த்துவிட்டு வரலாம். கூட்டத்தில் அந்தத் தேவாலயக் காட்சியை மட்டும் போட்டு, மூதாட்டி எழுந்திருப்பதற்கு முன் நிறுத்திவிடுங்கள். அந்த அறையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும். பெயர் போட வேண்டாம்.