சேவ் பண்ணும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் கொடுக்கும்போது

அடைமழைக் காலத்தில் பிச்சாட்டூர் ஏரி நிரம்பி ஊத்துக்கோட்டைப் பக்கம் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில், எங்கள் டிடிபி கடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பழைய யூபிஎஸ் கோப்பை மூடக்கூட நேரம் தராது. அதனால்தான் விண்டோஸில் விசைகளைத் தானாகத் தட்டவைக்கும் ஆட்டோஹாட்கீ மென்பொருளில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, கன்ட்ரோல்-எஸ் தட்டும் வேலையை அதனிடம் விட்டேன்.

குறிப்பிட்ட இடைவெளியில் கண்மூடித்தனமாகத் தட்டும் ஸ்கிரிப்ட் கூடாது. மூன்றைப் பார்த்த பிறகே அது தட்ட வேண்டும்: முன்னால் இருப்பது எடிட்டர் ஜன்னல்தானா, கை சில விநாடி ஓய்ந்திருக்கிறதா, கோப்புக்குப் பெயர் வைத்தாயிற்றா. பெயர் வைக்காத கோப்பில் தட்டினால் 'சேவ் அஸ்' பெட்டி குதித்து வந்து, அடுத்து அடிக்கும் எழுத்தெல்லாம் பெயர்க் கட்டத்தில் விழும். ஆட்டோஹாட்கீயில் கை ஓய்வை மில்லிவிநாடியில் சொல்லும் மாறி இருக்கிறது. நான் 3000 வைத்திருக்கிறேன்.

எங்களைப் போலத் தமிழும் தெலுங்கும் கலந்து மேட்டர் அடிப்பவர்கள் என்கோடிங்கில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முன்பு வரை நோட்பேட் புதுக்கோப்பை ஆன்சி என்கோடிங்கில்தான் சேமிக்கும். அப்படிப்பட்ட கோப்பில் யூனிகோடு தமிழ் அடித்து, ஸ்கிரிப்ட் சேவ் கொடுத்தால் எழுத்து அழியும் என்று எச்சரிக்கை வரும். அடிக்கிற வேகத்தில் விரல் என்டரைத் தட்டிவிட்டால் போதும், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் முழுக்க கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிடும். முதலில் யூடிஎஃப்-8, பிறகுதான் ஸ்கிரிப்ட்.

லினக்ஸில் விம் எடிட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தானாகச் சேமிப்பது சுலபம். 'அப்டேட்' கட்டளை, மாற்றம் இருந்தால் மட்டுமே எழுதும். கை ஓய்ந்ததும் நிகழும் 'கர்சர்ஹோல்ட்' நிகழ்வில் அதைக் கட்டிவிட்டால், வழக்கமான அமைப்பில் கை ஓய்ந்து 4 விநாடியில் வேலை முடியும். எனக்கு ஈமேக்ஸ் எடிட்டரின் வழிதான் அதிகம் பிடிக்கும். 300 விசை அடித்த பிறகோ, 30 விநாடி சும்மா இருந்தாலோ, அசல் கோப்பைத் தொடாமல் தனிக்கோப்பில் எழுதி வைக்கும்.

ஏனென்றால் தானாகச் சேமிப்பது தவறையும் சேர்த்தே சேமிக்கும். வாடிக்கையாளர் வந்து "பழைய முகவரியே இருக்கட்டும் சார்" என்றால், அசல் எங்கே? அதற்காக டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பேட்ச் கோப்பு வைத்து, தேதியும் நேரமும் ஒட்டிய நகலைப் பென்டிரைவுக்கு அனுப்புகிறேன். மழை தொடங்கும் முன் ஏதாவது ஒரு சோதனைக் கோப்பை அழித்துவிட்டு, அந்த நகலிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் சிதறாமல் திறக்க வேண்டும்.